முகவரி கேட்காத காதல்

காதலர் இருவரைப் பிரிக்க வேண்டுமானால் திரைக்கதைகள் வழக்கமாக வெளியிலிருந்து ஒரு தடையைக் கொண்டுவரும். சினங்கொண்ட தந்தை, செல்வ வேறுபாடு, போர், நோய் என்று ஏதேனும் ஒன்று குறுக்கே வந்து நிற்கும். அமெரிக்க இயக்குநர் ரிச்சர்டு லிங்க்லேட்டரின் ‘பிஃபோர் சன்ரைஸ்’ (1995), அதன் தொடர்ச்சியான ‘பிஃபோர் சன்செட்’ (2004) ஆகிய இரு படங்களிலும் அத்தகைய தடை எதுவும் தொடக்கத்தில் இல்லை. ஜெஸ்ஸியும் செலினும் தாங்களே தங்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஏன்? இந்த ஒரு வினாவைப் பின்தொடர்ந்து சென்றால், நகைச்சுவை இழையோடும் இவ்வுரையாடற் படங்களின் அடியில் கிடக்கும் கனமான பொருள் புலப்படும்.

புடாபெஸ்டிலிருந்து வரும் இரயிலில் நடுவயதுத் தம்பதியர் உரத்துச் சண்டையிடுகிறார்கள். அந்த இரைச்சல் தாங்காமல் இடம் மாறி அமர்கிறாள் பிரெஞ்சுப் பெண் செலின். அருகே அமெரிக்க இளைஞன் ஜெஸ்ஸி. வயது முதிர முதிர ஆண்களுக்கு உயர்ந்த ஒலியும் பெண்களுக்குத் தாழ்ந்த ஒலியும் கேளாமற் போகுமாம்; தம்பதியர் ஒருவரையொருவர் கொன்றுவிடாமல் சேர்ந்து மூப்படைய இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது போலும் என்று இருவரும் பேசிச் சிரிக்கிறார்கள். நாமும் சிரிக்கிறோம். ஆனால் இக்காதல் கண்திறக்கும்போதே முதலில் காண்பது கசந்துபோன ஒரு மணவாழ்வை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஜெஸ்ஸி அவளை வியன்னாவில் இறங்க அழைக்கும் முறையும் இதே அச்சத்தின் மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது. பத்து இருபது ஆண்டுகளுக்குப் பின் உன் மணவாழ்வு சலித்துப்போகும். அப்போது, இளமையில் கண்ட ஆடவரையெல்லாம் எண்ணி ஏங்குவாய். அவர்களுள் ஒருவன் நான். இப்போதே என்னை அறிந்துகொண்டால் பின்னர் ஏங்க வேண்டியதில்லை என்பது அவன் வாதம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பேசுகிறவன், மாட்ரிட் நகருக்குத் தன் காதலியைத் தேடி வந்து, கைவிடப்பட்டு, மலிவான விமானப் பயணச்சீட்டுக்காக நாள் கடத்துகிறவன். இதை அவன் உடனே சொல்வதில்லை. செலினும் ஒரு முறிவைக் கடந்து வந்தவளே. இருவரையும் இணைப்பது அன்பு மட்டுமன்று. மீண்டும் காயப்படக்கூடாது என்னும் எச்சரிக்கையும்தான்.

ஆகவேதான் விடியற்காலையில் இரயில் நிலையத்தில் அவர்கள் முகவரியோ தொலைபேசி எண்ணோ கேட்டுக்கொள்வதில்லை. கடிதங்கள் குறையும், அழைப்புகள் நின்றுபோகும், உறவு மெல்லத் தேய்ந்து மறையும் என்று அஞ்சுகிறார்கள். ஐந்து ஆண்டு, ஓராண்டு என்று பேரம் பேசி, ஆறு மாதங்களுக்குப் பின் இதே நடைமேடையில் சந்திப்பதாக உறுதி கூறுகிறார்கள். காலம் கெடுத்துவிடாதபடி காதலைக் காலத்திலிருந்தே ஒளித்துவைக்க முயல்கிறார்கள்.

இரு படங்களுக்கும் திறவுகோலாக நான் கருதுவது, திரையில் ஒருமுறையேனும் தோன்றாத செலினின் பாட்டியை. அவளைப் பார்த்துவிட்டுத்தான் செலின் புடாபெஸ்டிலிருந்து திரும்புகிறாள். கணவரோடு அமைதியாக வாழ்ந்ததாக எல்லாரும் எண்ணியிருந்த அம்மூதாட்டி, வாழ்நாள் முழுவதும் வேறொருவரையே நினைத்து ஏங்கியதாகப் பேத்தியிடம் அறிக்கையிட்டிருக்கிறாள். செலின் வருந்துகிறாள். ஜெஸ்ஸியோ, அப்படி இருந்ததே நல்லது. அந்த மனிதரோடு வாழ்ந்திருந்தால் அவரும் ஒருநாள் ஏமாற்றத்தையே தந்திருப்பார் என்கிறான். இளமையின் இத்துடுக்கான தீர்ப்பு ஒன்பது ஆண்டுகளில் அவன் தலைமீதே வந்து விழுகிறது.

‘பிஃபோர் சன்செட்’ படத்தில் ஜெஸ்ஸி எழுத்தாளன். வியன்னா இரவைப் பற்றி எழுதிய நாவலோடு பாரீசின் ஒரு புத்தகக் கடைக்கு வந்திருக்கிறான். அங்கே செலின் வந்து நிற்கிறாள். அன்று நடைமேடைக்கு அவன் போயிருந்தான், அவள் வரவில்லை. காரணம் அதே பாட்டி. குறித்த நாளில்தான் பாட்டியின் அடக்கம். முகவரி இல்லாததால் ஒரு வரி எழுதித் தெரிவிக்கவும் வழியில்லை. காதலைக் காப்பதற்கென்று அவர்கள் செய்த ஏற்பாடே அதனைக் குலைத்துவிட்டது.

இப்போது ஜெஸ்ஸிக்கு மனைவி உண்டு; நான்கு வயது மகன் உண்டு. ஆனால் கனவில் வருகிறவள் செலின். எவளுடைய ஏக்கத்தை அன்று எளிதாகத் தள்ளிவிட்டானோ, அந்தப் பாட்டியாகவே அவன் மாறிவிட்டான். செலினோ, நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று தொடங்கி, மகிழுந்தில் செல்லும்போது வெடித்தழுகிறாள். அந்த ஓர் இரவு தன் அன்பின் ஆற்றலையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்கிறாள். ஒருவரும் முதலில் உண்மை பேசுவதில்லை. நான் வியன்னாவுக்குப் போகவில்லை என்று அவனும் பொய்யே சொல்கிறான். இப்பொய்களை ஒவ்வொன்றாக உதிரவிடும் எழுத்தும், ஈத்தன் ஹாக், ஜூலி டெல்பி ஆகியோரின் நடிப்பும் போற்றத்தக்கவை.

எனினும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. ஜெஸ்ஸியின் மனைவி எங்கே? அவளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அவன் வாய்ச்சொல் மட்டுமே. வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு, அவன் விமானத்தைத் தவறவிடுவான் என்ற புன்னகையோடு நாம் எழுந்து வருகிறோம். அன்றாடம் சமைத்து, பிள்ளை வளர்த்து, களைத்துப்போகும் ஒருத்தி, ஓர் இரவின் நினைவோடு எப்படிப் போட்டியிட முடியும்? நினைவுக்குக் காய்ச்சல் வருவதில்லை. நினைவு வாடகை கேட்பதில்லை. நம்மிடம் ஒன்றையும் கேட்காத காரணத்தாலேயே அது குறையற்றதாகத் தோன்றுகிறது.

இயக்குநர் இதை அறியாதவர் அல்லர். 2013-இல் வந்த மூன்றாம் படம், ஜெஸ்ஸி தன் மகனை விமான நிலையத்தில் வழியனுப்பும் காட்சியோடு தொடங்குகிறது. அம்மறுசந்திப்பின் விலையை யார் செலுத்தினார் என்பது அச்சிறுவனின் முகத்தில் தெரிகிறது.

முதற் படத்தில் வியன்னாவின் பழைய ஆலயம் ஒன்றில் அமர்ந்து ஜெஸ்ஸி ஒரு செய்தி சொல்கிறான். குவேக்கர் சபையினரின் திருமணத்தில் மணமக்கள் சபைமுன் மண்டியிட்டு, ஒருவரையொருவர் நெடுநேரம் மௌனமாக நோக்கியிருப்பார்கள். அதன்பின் அவர்கள் கணவன் மனைவி. இருவருக்கும் அது அழகாகப்படுகிறது. ஆனால் அதன் பொருளை அவர்கள் முழுதும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அங்கே நோக்குகிறவர்கள் எழுந்து வெவ்வேறு இரயில் ஏறுவதில்லை. ஒரே வீட்டுக்குப் போகிறார்கள். நாளையும் அதே முகத்தை நோக்குகிறார்கள்.

திருமண வாக்குறுதி காதலைச் சலிப்பிலிருந்து காப்பாற்றும் என்று எவரும் உறுதி தரவில்லை. சலிப்பு வரும் நாளிலும் தேடிவரத்தக்க முகவரி ஒன்றை அது தருகிறது. அந்த இளைஞர் இருவரும் நடைமேடையில் கேட்க அஞ்சியது அதைத்தான்.