கொக்கியின் உட்புறம்

ஒல்லாந்து நாட்டுப் புரொட்டஸ்டன்ட் குடும்பங்களில் பெண்கள் ஞாயிறு ஆராதனைக்குப் போகும்போது உள்ளங்கை அளவு சங்கீதப் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோவார்கள். வசதி உள்ளவர்கள் அதை வெள்ளிச் சங்கிலியில் கோத்து இடுப்பில் தொங்கவிடுவதும் உண்டு. கறுப்புத் தோலிலோ ஆமை ஓட்டிலோ அட்டை. நான்கு மூலையிலும் வெள்ளித் தகடு. பக்கவாட்டில் வெள்ளிக் கொக்கி. ஈரக் காற்றில் அட்டை உப்பி வளையாமல் இறுக்கிப் பிடிக்கத்தான் முதலில் கொக்கி வந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அது மணப்பெண்ணுக்குத் தரும் சீர்வரிசையின் பெருமையாகவே ஆகிவிட்டது.

தோல் நைந்துபோகும், தாள் கிழியும், வெள்ளி அழியாது. பாட்டியின் புத்தகத்திலிருந்து கழற்றிய கொக்கியைப் பேத்தியின் புதுப் புத்தகத்தில் மாட்டியிருப்பார்கள். முத்திரை பார்க்க உட்காருகிறவர் இதை மறந்தால் முதல் அடியே தப்பாகிவிடும். முத்திரை கொக்கியின் வயதைச் சொல்லும். புத்தகத்தின் வயதுக்குத் தலைப்புப் பக்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

கொக்கியைத் திறந்து உட்புறத்தைத் திருப்புங்கள். மேல்புறம் நங்கூரம், சிலுவை, இதயம் என்று நம்பிக்கை, விசுவாசம், அன்பு மூன்றையும் செதுக்கியிருக்கும். முத்திரைக்கு அங்கே இடமில்லை. கீலை ஒட்டிய ஒடுக்கமான தகட்டில் எள்ளளவுக்கு இரண்டு குழிகள் தெரியும். பத்தர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் இல்லாமல் அவை வெறும் கீறல்தான். லென்ஸை வைத்தால் ஒன்று குட்டிக் கத்தி, இன்னொன்று சட்டத்துக்குள் இரண்டு எழுத்து. புதியவர்கள் உடனே அந்த எழுத்தின்மேல் பாய்ந்து தட்டானின் பெயரைத் தேடுவார்கள். நான் அதைக் கடைசிக்கு வைக்கச் சொல்வேன். தரம், ஊர், ஆண்டு இந்த மூன்றும் நின்ற பிறகு எழுத்தைப் படித்தால்தான் அது ஓர் ஆளின் பெயராகும்.

தரத்தில் தொடங்கலாம். நமக்குப் பத்தரை மாற்று என்ற சொல் இருப்பதுபோல் அவர்களுக்குப் 'பென்னிங்' கணக்கு. சுத்த வெள்ளி 12 பென்னிங். ஒரு பென்னிங்குக்கு 24 'கிரெய்ன்'. உயர்ந்த தரம் 11 பென்னிங் 5 கிரெய்ன், அடுத்தது 10 பென்னிங். ஆயிரத்துக்கு மாற்றிப் பாருங்கள்: 934, 833. டச்சு வெள்ளியில் இந்த இரண்டு எண்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதற்கு வேறு ரகசியம் எதுவுமில்லை.

கில்டு எனப்பட்ட தட்டார் சங்கங்களின் காலத்தில் பெரிய பாத்திரத்துக்கு நான்கு முத்திரை: ஊர், தரம், ஆண்டெழுத்து, தட்டானின் குறி. ஒல்லாந்து மாகாணத்தில் 1663 முதல் உயர்ந்த தரத்துக்கு முடிசூடிய சிங்கம். ஆம்ஸ்டர்டாமுக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பெருக்கல் குறிகள், ஹேக்குக்கு நாரை, லெய்டனுக்குக் குறுக்கிட்ட சாவிகள், என்க்ஹவ்ஸனுக்கு மூன்று மீன். கொக்கி போன்ற சின்னச் சாமான்களுக்கு இந்த நான்கும் கிடைப்பது அபூர்வம். தட்டானின் குறி மட்டும் தனியாக நிற்பதுதான் வழக்கம். நம் துறையின் தலைவலியே அதுதான்.

அப்போது கைவேலைதான் துணை. உட்ரெக்ட் நகரின் வான் வியானன் குடும்பம் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காது மடல்போல் மடிந்து வழியும் ஒரு பாணியை உருவாக்கியது. ஆடம் வான் வியானன் 1614-இல் செய்த கூஜா ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தச் சாயலைக் கொக்கியிலும் அடையாளம் காண்பீர்கள். ஃப்ரீஸ்லாந்துக்காரர்களுக்கு வெற்றிடம் பிடிக்காது. தகடு முழுக்கக் கொடியும் பூவுமாகச் செதுக்கி நிரப்புவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்கோன்ஹோவன் என்ற சிற்றூர் ஏராளமாகச் செய்து குவித்தது. 'வெள்ளி நகரம்' என்ற பெயர் அதற்கு இன்றும் உண்டு. அந்த ஊர்ச் சரக்கைச் சேகரிப்பாளர்கள் சற்று இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே நல்ல கைகளும் இருந்தன.

1798-இல் கில்டுகள் சட்டப்படி கலைந்தன. இடையில் பிரெஞ்சு ஆட்சி வந்து போயிற்று. 1814 முதல் நாடு முழுவதற்கும் ஒரே முறை. உயர்ந்த தரத்துக்கு எழுந்து நிற்கும் சிங்கத்துடன் 1, அடுத்ததற்கு நடக்கும் சிங்கத்துடன் 2, மினர்வா தேவியின் தலை, ஆண்டெழுத்து. மினர்வாவின் தலைக்கவசத்தில் உள்ள எழுத்து எந்த அலுவலகம் சோதித்தது என்று காட்டும். அந்த அலுவலகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'வார்போர்க் கந்தோர்'. யாழ்ப்பாணத்து வாசகருக்குக் கந்தோரை நான் விளக்க வேண்டியதில்லை. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்தான். சிங்கம் கொள்ளாத சிறு பொருளுக்குத்தான் அந்தக் குட்டிக் கத்தி: 833-க்குக் குறையாது என்ற உறுதி. ஆக, கத்தி இருந்தால் கொக்கி 1814-க்கு முந்தியதல்ல. புத்தகம் 1760-இல் அச்சானதாக இருக்கட்டும், கொக்கி பின்னால் வந்ததுதான்.

ஆண்டெழுத்து இருந்தால் அதிர்ஷ்டம். 1835, 1860, 1885 என்று 25 ஆண்டுக்கு ஒருமுறை 'ஏ' திரும்பும். எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் சுற்றைப் பிரிக்க முடியும்.

இப்போது தட்டானின் குறிக்கு வரலாம். தொடக்க காலத்தில் பூ, பறவை, கிரீடம் என்று படங்கள்; பிறகு பெயரின் முதலெழுத்துகள். பழைய எழுத்தில் 'ஐ'யும் 'ஜே'யும் ஒன்றுதான். யான், யாக்கப், யோஹன்னஸ் எல்லாரும் ஒரே கோட்டுக்குள் அடங்கிவிடுவார்கள். கணவன் இறந்தபின் விதவை பட்டறையை நடத்தி அதே குறியை அடித்ததும் உண்டு. எலியாஸ் ஃபூட் என்ற அறிஞர் ஆம்ஸ்டர்டாம் குறிகளை 1912-இலும், ஃப்ரீஸ்லாந்துக் குறிகளை 1932-இலும் நூலாக்கினார். அவற்றைப் புரட்டும்போது எழுத்தைவிட அதைச் சுற்றிய சட்டத்தைக் கவனியுங்கள். நீள்வட்டமா, கேடயமா, எழுத்துக்கு நடுவே புள்ளியா நட்சத்திரமா என்பதில்தான் இரண்டு தட்டான்கள் பிரிகிறார்கள்.

பொய்க் குறிகளும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஹானாவ் நகரப் பட்டறைகள் பழைய டச்சுப் பாணியில் செய்து பழைய முத்திரைகளின் சாயலில் அடித்து விற்றன. ஒரு சாண் தகட்டில் ஐந்தாறு முத்திரை பளிச்சென்று வரிசை கட்டி நின்றால் நான் கையை எடுத்துக்கொள்வேன். குட்டிக் கோடரி தெரிந்தால் பயப்பட வேண்டாம். பழைய வெள்ளி மறுபடி கடைக்கு வந்தபோது அடித்த வரி முத்திரை அது, 1927 வரை வழக்கில் இருந்தது.

உங்கள் கைக்கு இப்படி ஒரு கொக்கி வந்தால், வெளிப்புறத்தை மென்துணியால் துடையுங்கள். உட்புறத்தில் மட்டும் பாலிஷ் பவுடர் போட்டுத் தேய்க்காதீர்கள். நான் பார்த்த கொக்கிகளில் பாதிக்கு மேல் பெயரிழந்தது திருட்டாலோ நெருப்பாலோ அல்ல, விற்பதற்கு முன் யாரோ அக்கறையாகத் தேய்த்ததால்தான்.