முதலெழுத்து வீரர்கள்

கண்டி பஸ் நிலையத்தில் காதைக் கொடுங்கள்: கம்பளை, கடுகண்ணாவை, கலஹா, கட்டுகஸ்தோட்டை. எல்லாம் ககரம். ஊர்ப் பெயர்களிலேயே மோனை கேட்டு வளரும் இங்குள்ள பிள்ளைகளுக்குக் காமிக்ஸ் நாயகர்களான பீட்டர் பார்க்கரும் மாட் மர்டாக்கும் ரீட் ரிச்சர்ட்ஸும் சட்டென்று நாவில் ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

1960களில் மார்வெல் காமிக்ஸுக்காக ஸ்டான் லீ ஒரே நேரத்தில் பல தொடர்களை எழுதினார். பெயரில் ஒரு பாதி நினைவிருந்தால் மறுபாதிக்கும் வழி கிடைக்கும் என்றே முதலெழுத்தை ஒன்றாக வைத்ததாகச் சொன்னார். அப்படியும் ஹல்க்கின் புரூஸ் பேனர் சில இதழ்களில் பாப் பேனராகிவிட்டார். பிறகு முழுப்பெயரே ராபர்ட் புரூஸ் பேனர் என்று சரிக்கட்டினார்கள். பெயர் மறந்தபோதும் பகரம் மறக்கவில்லை. ஓசையின் வலிமை அது!

எனக்கு மிகப் பிடித்தது சூப்பர்மேனின் இன்னொரு பெயர். 1938இல் வந்த கிளார்க் கென்டுக்கு ஆங்கிலத்தில் முதலெழுத்துகள் வேறு வேறு. நம் யாப்பிலோ இகரமும் எகரமும் மோனைக்கு இனம். கி, கெ இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன.

தமிழில் புது வீரனை வரையப் போகிறவர்களே, முகமூடிக்கு முன்னால் பெயரை முடிவு செய்யுங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, மோனையோடு வையுங்கள்.