அமெரிக்க விளம்பர அட்டைகள்: படமும் பசையும்

19-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளில் அமெரிக்கக் கடைகள் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சிறிய வண்ண அட்டைகள் இன்று வரலாற்று ஆவணங்களாகச் சேகரிக்கப்படுகின்றன. முன்புறம் படம், பின்புறம் பொருளின் புகழ். 1876-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பின் இவை பெரிதும் பரவின. வண்ணக் கல்லச்சு மலிவானதும் சோப்பு, நூல்கண்டு, காப்பி, மருந்து என எதற்கும் ஓர் அட்டை வந்தது. பெண்களும் குழந்தைகளும் அவற்றை ஆல்பங்களில் ஒட்டிச் சேர்த்தனர்.

அன்றாட வாழ்வைக் காட்டும் சாளரம் என்று இவற்றைச் சொல்வது வழக்கம். அதை அப்படியே ஏற்க இயலாது. அட்டையில் இருப்பது அன்றைய வீடு அல்ல, விற்பவர் காட்ட விரும்பிய வீடு. பல அட்டைகளில் படத்துக்கும் கடைக்கும் தொடர்பே இல்லை. அச்சகங்கள் பூக்களையும் பூனைக்குட்டிகளையும் மொத்தமாக அச்சிட்டு விற்றன. கடைக்காரர் காலியிடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

லிடியா பிங்க்ஹாமின் பெண்களுக்கான மூலிகை மருந்து நல்ல உதாரணம். 1883-ல் திறக்கப்பட்ட புரூக்லின் பாலத்தில் அம்மருந்தின் பெயர் எழுதிய பெரும்பதாகை தொங்குவதாக ஓர் அட்டை காட்டுகிறது. வெறும் கற்பனை. மருந்தில் ஏறத்தாழ 18 சதவீதம் ஆல்கஹால் இருந்தது. அதைப் புட்டியின் மேல் குறிப்பிடும்படி செய்ய 1906-ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டம் தேவைப்பட்டது. பிங்க்ஹாம் 1883-லேயே இறந்துவிட்டார். ஆனால் அவர் முகம் விளம்பரங்களில் தொடர்ந்தது, வாசகியர் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர். 1905-ல் லேடீஸ் ஹோம் ஜர்னல் அவருடைய கல்லறையின் புகைப்படத்தையே வெளியிட வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறானது 1886-ல் இல்லினாய் மாநிலத்தின் டிக்ஸன் நகர நிறுவனம் ஒன்று வெளியிட்ட ‘மேஜிக் வாஷர்’ விளம்பரப்படம். அங்கிள் சாம் சீனர்களை உதைத்து நாட்டைவிட்டு வெளியேற்றுகிறார். சீனத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்த சட்டம் 1882-ல் வந்திருந்தது. சலவைத்தொழில் அன்று சீனர்களின் முக்கியப் பிழைப்பு. பிங்க்ஹாம் அட்டை மறைக்கிறது, இது எதையும் மறைக்கவில்லை. எதைச் சொன்னால் துணி துவைக்கும் பொருள் விற்கும் என்று நம்பினார்கள் என்பதை அரசு ஆவணங்களைவிட இப்படம் தெளிவாகச் சொல்கிறது.

என் நோக்கில், மக்களின் பங்கு தெரிவது அட்டையில் அல்ல, ஆல்பத்தில். எதை எதன் அருகில் ஒட்டினார்கள், கடையின் பெயரைக் கத்தரித்தார்களா என்பதெல்லாம் அவர்கள் எடுத்த முடிவுகள். பழம்பொருள் வணிகர்களோ ஆல்பங்களைப் பிரித்து அட்டைகளைத் தனித்தனியே விற்கிறார்கள். பின்புறப் பசைக்கறை சேதமாகக் கருதப்பட்டு விலை குறைகிறது. கறையே இல்லாத அட்டை அதிக விலைக்குப் போகிறது. அது யாராலும் ஒட்டப்படாமல் கடையிலேயே தங்கிவிட்ட அட்டையாகவும் இருக்கலாம்.