பீரங்கியும் கிதாபும்

1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டிக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடியது. லெவ்கே திசாவை மன்னருக்கு அளித்திருந்த, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கி அப்படித்தான் கடல் கடந்தது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில் வெகுகாலம் இருந்த அதனுடன் இரு வாள்கள், ஒரு கத்தி, இரு துப்பாக்கிகள் என ஆறு பொருட்களை 2023 டிசம்பரில் நெதர்லாந்து நம் நாட்டிடம் கையளித்தது. இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து பொருட்களின் பூர்வீகத்தைத் துருவியதே இதற்கு வழி திறந்தது.

மகிழ்ச்சிதான். ஆனால் இந்த வழக்கு எளிதானது. படையெடுத்து வந்து எடுத்தது கொள்ளை, அதில் வாதமில்லை. சிக்கல், நூதனசாலைகள் காசு கொடுத்து வாங்கியவற்றில் இருக்கிறது. விற்றவர் விரும்பி விற்றாரா, வறுமையில் விற்றாரா? அதன் பெறுமதி அவருக்குத் தெரிந்திருந்ததா? அது அவர் ஒருவருடைய சொத்தா, ஊருடையதா? பற்றுச்சீட்டு இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லாது.

இது வெள்ளைக்காரனை மட்டும் நோக்கிய கேள்வியுமல்ல. கண்டி மன்னர்களுக்கு வைத்தியம் பார்த்தவர்களிலும், தவளம் ஓட்டியவர்களிலும் நம் முன்னோர் இருந்தார்கள். அவர்கள் வீட்டு ஏடுகளும் அரபுத்தமிழ்க் கிதாபுகளும் இன்று எங்கே? அக்குறணைப் பக்கம் ஒரு உம்மும்மா சொன்னார்: "வாப்பாட கிதாப ஒரு மகன் ஆராய்ச்சிக்கென்டு கொண்டு போன. இன்னம் கொண்டு வரல்ல." ஒல்லாந்தன் வாளோடு வந்தான், இவர் ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தார். வெறுங்கையாய் நின்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேறு வழி இல்லாமலில்லை. இலங்கை மலாய்க் குடும்பங்களின் கையெழுத்துப் பிரதிகள் படம்பிடிக்கப்பட்டபோது, பிரதி உலகுக்குப் போனது, மூலம் வீட்டிலேயே இருந்தது. நாமும் அப்படிச் செய்யலாம். வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும்: யாரிடம், எப்போது, எந்த நிபந்தனையில், எப்போது திருப்புவது.

இன்னொன்று. கண்டியிலிருந்து போன பீரங்கி இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அரசு அரசிடம் கொடுத்தது. கண்டியாரிடம் யார் கேட்டார்கள்? அமானத் என்பது பொருளைப் பத்திரமாக வைத்திருப்பது மட்டுமல்ல, உரியவரிடம் ஒப்படைப்பதும்தான். பீரங்கியைப் பற்றிப் பேசும் நாம், நம் அலுமாரியில் இருக்கும் இரவல் கிதாபையும் ஒருமுறை திறந்து பார்ப்போம்.