அடிக்கோடு எங்கே நிற்கிறது?

வலைப்பக்கம் எழுதியவரின் கைத்திறனை எடைபோட நான் முதலில் பார்ப்பது லிங்க்குகளின் நீல எழுத்துகளைத்தான். எந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருக்கிறார், எங்கே நிறுத்தியிருக்கிறார் என்பதிலேயே ஆள் பிடிபட்டுவிடுவார்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து பொதுமக்களுக்குத் திறந்த முதல் இணையதளத்தின் பழைய பிரதி இன்றும் படிக்கக் கிடைக்கிறது. ‘இங்கே கிளிக் செய்க’ என்ற பேச்சே அதன் முதல் பக்கத்தில் இல்லை. அக்காலத்து லைன் மோட் பிரவுசரில் மவுஸுக்கு வேலை கிடையாது. லிங்க் அருகே அடைப்புக்குறிக்குள் ஓர் எண் நிற்கும், அதைத் தட்டினால் அடுத்த பக்கம். கிளிக்கே இல்லாத இடத்தில் சொல்தான் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஹைபர்மீடியா என்ற சொல்லே அங்கே லிங்க். தெரிந்தவர் படித்துக்கொண்டே போகலாம். தெரியாதவர் திறந்து பார்க்கலாம். என்ன ஒரு சரளம்!

இன்றைய பக்கம் ஒன்றைத் திறந்து, திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரில் இன்சர்ட்டோடு எஃப்7 அழுத்திப் பாருங்கள். லிங்க்குகள் மட்டும் வாக்கியத்திலிருந்து கழன்று பட்டியலாக வரும். ‘இங்கே’, ‘மேலும் படிக்க’, ‘இங்கே’... பார்வையற்ற வாசகர் கேட்பது இதைத்தான். நடுவில் ‘பத்தாம் வகுப்பு மறுகூட்டல் விண்ணப்பம், பிடிஎஃப்’ என்று ஒன்று ஒலித்தால், எழுதியவருக்கு ஒரு சபாஷ் போடத் தோன்றும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2008இல் வெளியிட்ட அணுகல் நெறிகள், லிங்க் சுற்றியுள்ள வாக்கியத்தோடு சேர்த்துப் புரிந்தாலே அடிப்படை நிலைக்குப் போதும் என்கின்றன. தனித்தே புரிய வேண்டும் என்பது உச்சமான ஏஏஏ நிலைக்குத்தான். ரசிகனிடம் அந்தச் சலுகை செல்லாது.

தமிழில் இந்தக் கலைக்குத் தனிச் சுவை தருவது வேற்றுமை உருபு. விக்கிப்பீடியாவில் ‘மதுரை’யை லிங்க் ஆக்க இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டு, வெளியே ‘யில்’ சேர்த்துவிடலாம். ‘மரம்’ அப்படி மசியாது. மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்து ‘மரத்தில்’ ஆகிவிடும். கைதேர்ந்தவர் அடைப்புக்குள் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, இடப்பக்கம் ‘மரம்’ என்ற கட்டுரைத் தலைப்பையும் வலப்பக்கம் ‘மரத்தில்’ என்பதையும் வைப்பார். அவசரக்காரரின் ‘மரம்-இல்’ சோற்றில் கல்.

வினைமுற்றுக்கு முன்பே கோடு நிற்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ‘வெள்ள வரைபடத்தைப் பதிவிறக்கலாம்’ என்றால் முதல் இரண்டு சொல் நீலமாக இருந்தால் போதும். அந்த ‘ப்’ கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? என் ஓட்டு உள்ளே. வெளியே விட்டால் கறுப்பில் ஒற்றெழுத்து ஒன்று அநாதையாகத் தொங்கும், பார்க்கச் சகிக்காது.