எழுத்தசைவும் மாத்திரையும்

மலாய் மொழியில் ‘லாயாங் லாயாங்’ என்பது பட்டத்தைக் குறிக்கும் சொல். ஜோகூர் மாநிலத்துக் குளுவாங் மாவட்டத்தில் இப்பெயருடைய ஊர் ஒன்று உண்டு. அவ்வூர்த் தமிழ் மாணவன் ஒருவன், இயங்கு வடிவமைப்பு பயில வடிவமைப்புக் கல்லூரிக்குச் செல்கிறான் என்று கொள்வோம். திரைப்படத் தலைப்பிலும் விளம்பரத்திலும் பாடக் காணொளியிலும் எழுத்தும் படமும் அசையும் முறையை வகுப்பது இக்கலை. அவனுக்கு முதற்கண் கற்பிக்கத்தக்கது யாது?

மென்பொருளே என்பார் பலர். அக்கருத்து நமக்கு உடன்பாடன்று. 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். அதில் அவர்கள் போற்றி ஆராய்ந்த பொருள் எது தெரியுமா? நம் வீட்டுச் செம்பு! எவ்வளவு நீர் கொள்ளும், தூக்கும் கையின் அளவென்ன, சாய்த்தால் நீர் எப்படி விழும் என்றெல்லாம் வினவிச் சென்றனர். அவ்வறிக்கையின் வழி 1961இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது. பொருளை உற்றுநோக்குதல் முதற்பாடம். கருவி பின்னர் வருவது.

இயங்குபடம் பயில்வோர் முதலில் வரையும் துள்ளும் பந்தும் இதனையே உணர்த்தும். பந்து உச்சியில் தயங்கும். அங்கே படங்கள் நெருங்கி நிற்க வேண்டும். கீழே விழும்போது விரையும். அங்கே இடைவெளி அகல வேண்டும். திடலில் பட்டம் விட்டு நூலின் இழுப்பைக் கையில் உணர்ந்த சிறுவனுக்கு இது புதிதன்று.

மலேசியாவின் முதல் இயங்குபடம் எனப்படும் ‘ஹிகாயாத் சாங் கஞ்சில்’, பிலெம் நெகாராவைச் சேர்ந்த ஆனந்தம் சேவியர் உருவாக்கியது. 1978இல் முடிந்த அப்படம் 1983இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. பிற்காலத்தில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் பயின்ற இளைஞர்கள் 2007இல் ‘உப்பின் இப்பின்’ தொடரைத் தந்தனர். அதில் ராஜு என்னும் இந்தியச் சிறுவனும் ஓடியாடுகிறான். நம்மவர் அசைவது இருக்கட்டும். நம் எழுத்து அசையும்போது நிகழ்வதென்ன?

‘கொடி’ என்னும் சொல்லைத் திரையில் எழுத்தெழுத்தாகத் தோன்றச் செய்வதாகக் கொள்வோம். கணினிக் குறியீட்டில் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னும் நிற்கும். கருவி அவற்றை ஒவ்வொன்றாக வெளியிட்டால் முதலில் ‘க’ தோன்றும். மறுகணம் இடப்புறம் ஒற்றைக்கொம்பு பாய்ந்து வந்து ககரத்தைத் தள்ள, வலப்புறம் கால் முளைத்துக் ‘கொ’ ஆகும். அடுத்து ‘ட’ வந்து, மேல்விலங்கு பெற்று ‘டி’யாகும். ஆங்கில எழுத்தோ வந்த இடத்தில் வந்தபடியே நிற்கும். அதற்கென்று செய்த கருவியல்லவா! குறியீட்டு வரிசையில் குற்றமில்லை. மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் என்னும் இலக்கண வரிசைதான் அது. உயிர்மெய் ஓரெழுத்து என்பதை மறந்து, அவ்வரிசையைக் கண்முன் அவிழ்த்துக் காட்டுவதே குற்றம். அரிச்சுவடி பயிலும் குழந்தை அக்காணொளியைப் பார்த்தால் எதனை எழுத்தென்று கொள்ளும்?

இனிக் காலத்தை நோக்குவோம். எந்த அசைவு எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதே இக்கல்வியின் கடினமான பகுதி. நம்மிடமோ எழுத்துக்குக் கால அளவு வகுத்த இலக்கணம் இருக்கிறது. தொல்காப்பியர் கண்ணிமையையும் கைந்நொடியையும் மாத்திரைக்கு அளவாகக் கூறினார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. திரைப்படம் நொடிக்கு 24 படச்சட்டங்களாக ஓடுவது. ஒரு மாத்திரைக்கு 8 சட்டம் என வைத்துக்கொண்டால், குறிலுக்கு 8, நெடிலுக்கு 16, மெய்க்கு 4. ‘பட்டம்’ என்னும் சொல்லுக்கு மூன்று மாத்திரை. சரியாக ஒரு நொடி. ‘அம்மா’வுக்கு 28 சட்டம், அதில் 16 ‘மா’வுக்கே உரியது. எல்லா எழுத்துக்கும் ஒரே காலம் தரும் ஆயத்த அசைவில் இந்த நீட்சி கிட்டாது.

எட்டு என்பது நாம் வைத்துக்கொண்ட கணக்கு. ஆறாகவும் வைக்கலாம், விரைவு கூடும். விளம்பரத்திற்கு மாத்திரைக் கணக்கு வேண்டாம் என்று வடிவமைப்பாளர் மறுக்கவும் கூடும், ஓரளவு நியாயமே. ஆனால் குழந்தைப் பாடலுக்கும் செய்யுட் காணொளிக்கும் இக்கணக்கை விட்டால் வேறு கணக்கு எங்கே தேடுவது? கல்லூரியில் எழுத்தசைவு கற்பிக்கும் வாரத்திலேனும் தமிழாசிரியர் ஒருவரை வகுப்புக்கு அழைக்கலாம். அவருக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கைந்நொடித்துக் காட்டத் தெரிந்தால் போதும்.