செவிக் குடமும் அதன் உட்குடைவும்

சக்காராவில் ஜோசர் மன்னனின் படிப் பிரமிட்டுக்கு அடியில் உள்ள சுரங்கப் பாதைகளில் ஏறத்தாழ 40,000 கற்கலங்கள் கிடைத்தன. எகிப்தியக் கல்வினையைப் பற்றி எழுதுகிற பலர் இந்த எண்ணில் தொடங்கி, வியப்பில் முடித்துவிடுகிறார்கள். எண்ணிக்கை உழைப்புக்குச் சான்று. கலைக்குச் சான்று ஆகாது. அந்தக் குவியலில் எத்தனையோ கலங்கள் ஜோசருக்கு முந்திய மன்னர்களின் பெயரைத் தாங்கியவை. பல தலைமுறைச் சேமிப்பு ஒரே மன்னனுக்கு அடியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு கலமாக எடுத்து, இந்தக் கல்லுக்கு இந்த வடிவம் பொருந்துகிறதா, வெளிக்கோட்டுக்கு உட்குடைவு ஈடு கொடுக்கிறதா என்று கேட்கும்போதுதான் மதிப்பீடு தொடங்குகிறது.

அதற்கு முன் செய்முறை பற்றிய வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எப்படிச் செய்தார்கள் என்பது தெளிவாகாமல், எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

இதில் எனக்கு முதல் பாடம் எங்கள் வீட்டு அம்மி. மன்னார்த் தீவில் உள்ள எங்கள் ஊரான தாராபுரத்தில் தோண்டினால் மணலும் சுண்ணக்கல்லும்தான். கருங்கல் பெருநிலத்திலிருந்து வர வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டு ஊர் மொத்தமும் வெளியேறியபோது அம்மியை யாரும் தூக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, அம்மி கிடந்தது. அதன் நடுவில் உம்மம்மா காலத்திலிருந்து குழவி ஓடி ஓடி விழுந்த பள்ளமும் அப்படியே இருந்தது. பரப்பு வழுவழுப்பாகிவிட்டால் மிளகாய் அரைபடாது, பொளிய வேண்டும். பொளிகிறவர் உளியை வைத்துத் தட்டும்போது கவனித்தால், கல் துண்டாக வெட்டுப்படுவதே இல்லை. நுனி பட்ட இடத்தில் கடுகளவு தூள் தெறிக்கும். ஒரு வெண்புள்ளி விழும். பக்கத்தில் இன்னொன்று. அப்படி ஆயிரம் புள்ளி சேர்ந்தால் ஒரு பரப்பு. பொளிதல், தேய்த்தல்: கடுங்கல்லை வசப்படுத்த மனிதன் கண்ட முக்கிய வழிகள் இந்த இரண்டும். எகிப்தியன் கலத்தின் வெளிப்புறத்தைக் கல்லாலேயே பொளிந்து தேய்த்தான்; உட்புறத்தைத் தேய்த்தே குடைந்தான்.

எதைக் கொண்டு தேய்த்தான் என்பதில்தான் அறிஞர்கள் பிரிந்தார்கள். 1883இல் கீசாப் பிரமிடுகள் பற்றிய நூலை வெளியிட்ட பிளிண்டர்ஸ் பெற்றி, துரப்பணத்தின் நுனியில் ரத்தினம் போன்ற கடினக் கற்களைப் பதித்திருக்க வேண்டும் என்றார். துளையிலிருந்து வந்த கல்தண்டுகளின் கீறல்களை அவரளவு உன்னிப்பாக அதற்கு முன் எவரும் பார்த்ததில்லை. கண் கூர்மையானது, முடிவு நிலைக்கவில்லை. அத்தகைய பதிப்பு நுனி ஒன்றுகூட அகழ்வில் கிடைக்கவில்லை. செம்புக் குழாயைச் சுழற்றி, அடியில் மணலைத் தூவினாலே போதும் என்றார் அல்பிரட் லூக்காஸ். செம்பின் கடினம் மோ அளவில் 3. குவார்ட்ஸ் மணலின் கடினம் 7. வெட்டுகிறது மணல், அதைச் சுமந்து சுழல்கிறது செம்பு. பழைய அறுப்புகளிலும் துளைகளிலும் தங்கிய மணல் செம்பு கலந்து பச்சை படிந்திருந்தது இதற்குத் துணைச் சான்று. செம்புக் குழாயும்தான் கிடைக்கவில்லையே என்பது எதிர்வாதம். நியாயமான எதிர்வாதம். ஆனால் தேய்ந்த செம்பை எவரும் எறிவதில்லை, உருக்கி மறுபடி வார்ப்பார்கள். ரத்தின நுனிக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

டெனிஸ் ஸ்டொக்ஸ் இந்த வாதத்தை மேசையிலிருந்து பட்டறைக்குக் கொண்டுபோனார். கல்லறைச் சுவரோவியங்களில் உள்ள கருவியைத் தாமே செய்து இயக்கிப் பார்த்தார். மேலே சாய்ந்த கைப்பிடி, அதன் கீழே பாரக்கற்கள், அடியில் கவைக்கோல், அந்தக் கவையில் செருகிய கல்நுனி. இதே கருவியின் உருதான் எகிப்திய எழுத்தில் கைவினை என்ற சொல்லைக் குறித்தது. இந்தத் தொழிலை அவர்கள் எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஸ்டொக்ஸின் பலம், ஒவ்வொரு படியையும் எவரும் திரும்பச் செய்து சரிபார்க்கலாம் என்பது. குறையும் உண்டு. அவர் முழுமையாக முடித்த கலம் சுண்ணக்கல்லில் ஆனது. கருங்கல்லில் அவர் செய்தது பெரும்பாலும் துளையிடலும் அறுத்தலும். மெல்லிய சுவருள்ள கடுங்கல் குடத்துக்கு எத்தனை மாதம் பிடித்திருக்கும் என்ற கணக்கை அந்தச் சோதனைகளிலிருந்து நேரடியாக எடுக்க முடியாது.

அண்மை ஆண்டுகளில் எழுந்த இன்னொரு தரப்பு, சில கலங்களை ஒளிக்கதிர்க் கருவியால் அளந்து, இந்த வட்டத் துல்லியம் பொறி இல்லாமல் வராது, மறைந்துபோன ஒரு நாகரிகத்தின் வேலை இது என்கிறது. அளப்பது நல்லது, அளவை வெளியிடுவது அதைவிட நல்லது. ஆனால் முதலில் அளக்கப்பட்டுப் பரவலாகப் பேசப்பட்டவை தனியார் சேகரிப்புக் கலங்கள். எந்தக் குழியில், எந்த அடுக்கில் கிடைத்தன என்ற பதிவு இல்லாத பொருளை வைத்துக் காலத்தைப் பற்றி வாதிட முடியாது. அளவுகோல் எவ்வளவு நுட்பமானதாயினும், அளக்கப்பட்ட பொருள் யாருடையது என்பது தெரியாவிட்டால் அந்த நுட்பம் வீண்.

வழக்கைத் தீர்க்கும் சாட்சி கலத்திலேயே இருக்கிறது. நகாதா காலத்து, கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுச் செவிக் குடங்களை எடுத்துக்கொள்வோம். கறுப்பும் வெள்ளையும் விரவிய கடுங்கல், தட்டையான வாய் விளிம்பு, உருண்ட வயிறு, தோளின் இரு பக்கமும் கயிறு கோக்கத் துளையிட்ட செவிகள். கலத்தைக் கடைசல் பொறியில் சுழற்றினால் சுழலும் தடத்தில் துருத்தி நிற்கும் எதுவும் சீவப்பட்டுப் போகும். செவிகள் நிற்கின்றன. ஆகவே இரு செவிகளுக்கும் இடைப்பட்ட பட்டையைக் கை வேலையாகவே பொளிந்து தேய்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டை மற்ற வயிற்றோடு தடம் தெரியாமல் கலக்கிறது. பொறி வேண்டும் என்று சிலர் நினைக்கிற இடத்தில் ஒருவரின் உள்ளங்கை அந்த வேலையைச் செய்திருக்கிறது. இது எனக்குச் சிறிய வியப்பில்லை.

உட்புறம் இன்னும் கடினம். வாய் ஒடுங்கி வயிறு விரிந்த குடத்தில், நேராக இறங்கும் துளை தோளுக்கு அடியில் எட்டாது. அதற்கு 8 என்ற எண்ணைப் போல நடுவில் இடுங்கிய கல்நுனியைச் செய்தார்கள். நெட்டுவாக்கில் வாய்க்குள் நுழைத்து, உள்ளே கிடையாகத் திருப்பிக் கவையில் பிடித்து, பக்கவாட்டில் தேய்த்தார்கள். நுனி பெரிதாகப் பெரிதாக வயிறு அகலும். இடுகாட்டுக் கலத்துக்கு இவ்வளவு குடைவு எதற்கு? பிற்காலத்தவர் இதே கேள்வியைக் கேட்டு எளிய விடை கண்டார்கள். பழைய அரசுக் காலத்துச் சிறிய படையல் மாதிரிக் கலங்களில் பல, உள்ளே குடையப்படாத அல்லது பெயருக்குக் குடைந்த போலிகள். சடங்கு நிறைவேறியது, கலம் தோற்றது. முந்தியவர்கள், எவரும் கை விடப்போகாத குடத்தையும் முழுதாகக் குடைந்தார்கள். தரம் பற்றிப் பேசுகையில் இதுவே எனக்கு முதல் அளவுகோல்.

இரண்டாவது அளவுகோல் கல்லின் இயல்பு. இங்கே புகழ்பெற்ற சில பொருள்கள் இறங்கிவிடுகின்றன. 1936இல் வோல்டர் எமரி சக்காராவின் 3111ஆம் கல்லறையில் கண்ட, அங்கே புதைக்கப்பட்ட சாபு என்பவரின் பெயரால் வழங்கும் சாபுவின் தட்டு 61 செ.மீ. அகலம் உடையது, விளிம்பிலிருந்து மூன்று மடல்கள் உள்நோக்கி மெல்லியதாக வளைகின்றன. அசாத்தியத் திறமை. ஆனால் அந்த வளைவு கல் கேட்ட வளைவன்று. உலோகத் தகடு மடிவதைக் கல்லில் நடித்துக் காட்டுகிறது. ஓலைப்பின்னலைக் கல்லில் வடித்த கூடைத் தட்டும் அதே வகை. ஒரு பொருளின் வேடத்தை இன்னொரு பொருளுக்குப் போடுவதில் கை வல்லமை தெரியும். கல்லைப் பற்றிய அறிவு கூடுவதில்லை.

துத்தன்காமன் கல்லறைக் கலங்களை ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. எகிப்திய அலபாஸ்டரில் பல துண்டுகளை ஒட்டி, இருபுறமும் உருவங்களும் துளைவேலையும் சூழ நிற்கும் வாசனைத் தைலக் கலத்தில் அலங்காரம் மிகுந்து, கலம் எது என்றே கண் தேட வேண்டியிருக்கிறது. அதே கல்லறையின் கிண்ண விளக்கு நேர் எதிர். வெளிக் கிண்ணத்துக்குள் மெல்லிய உட்கிண்ணம். இரண்டுக்கும் இடையே வண்ண ஓவியம். விளக்கு எரியாதபோது வெறும் வெண்கல். ஏற்றினால் அரசனும் அரசியும் கல்லின் ஊடாகத் தோன்றுகிறார்கள். அந்தக் கல் ஒளியை வடித்து விடும் என்ற ஓர் அறிவின் மேல் முழு வடிவமும் நிற்கிறது.

இரும்பு வந்த பின் கல்லைக் குடைந்தவர்களையும் பக்கத்தில் நிறுத்த வேண்டும். மன்னாரிலிருந்து மதவாச்சி வழியாக அனுராதபுரம் போய் அப்பால் மிகிந்தலைக்குச் சென்றால், மலையடிவார மருத்துவமனை இடிபாட்டில் ஒரு மருந்துத் தொட்டி கிடக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் இரண்டாம் சேனன் காலத்தில் அமைந்த இடம் என்பர். வெளிப்புறம் நீள்சதுரக் கற்கட்டை. உட்புறம் மனித உடலின் வடிவில், தலைக்கு, தோளுக்கு, காலுக்கு அளவாகக் குடைந்தது. நோயாளி மருந்தெண்ணெயில் கிடக்க வேண்டும். எண்ணெய் வீணாகக் கூடாது. அந்தக் கணக்கே வடிவம். இரும்பு உளி இருந்ததால் வேலை எளிதாயிற்று என்று குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வெளிப்புறத்தை அழகுபடுத்தும் ஆசையை அடக்கியவன் நல்ல தச்சன்.

தமிழகத்துக் கல்சட்டி வேறொரு பாதை. சேலம் பக்கத்து மாக்கல் நகத்தால் கீறலாம் போல மென்மையானது. கடைசல் அதற்கு இயற்கையாகவே பொருந்துகிறது. கஞ்சி ஊற்றிப் பழக்காமல் அடுப்பில் ஏற்றினால் வெடிக்கும். பழகிய சட்டி புளிக்குழம்பின் சூட்டை இறக்கிய பின்னும் நெடுநேரம் காக்கும். கல்லும் முறையும் பயனும் ஒன்றுக்கொன்று சரியாக நிற்கின்றன. எட்ட வேண்டிய உயரம் குறைவு, எட்டியது முழுமை.

என் தீர்ப்பில் முதலிடம் நகாதா காலத்துச் செவிக் குடங்களுக்கே. அடுத்து கிண்ண விளக்கும் மிகிந்தலைத் தொட்டியும் சமமாக, பிறகு கல்சட்டி, சாபுவின் தட்டை அதற்குக் கீழேதான் வைப்பேன். முதலிடம் பெற்றதிலும் ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வெளியே கண்ணாடி போல மெருகிட்டவர்கள் உள்ளே மெருகிடவில்லை. வாய் வழியே வெளிச்சம் விட்டுப் பார்த்தால், தோளுக்கு அடியில் கல்நுனி சுற்றிப்போன வளையக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே நிற்கின்றன.